குடிகாரன் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்

ஐரா ஹேய்ஸின் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். இவோ ஜிமா தீவில் கொடி நட்ட ஆறு பேரில் ஒருவர், மாவீரர், ஊர் திரும்பினார், புகழைத் தாங்க முடியாமல் குடித்தார், 32 வயதில் செத்தார், பாவம். அந்தப் "பாவம்" என்ற சொல்லோடு கட்டுரை முடிந்துவிடும். நாங்கள் அந்தச் சொல்லோடுதான் சண்டை போட வந்திருக்கிறோம்.

முதலில் அவர் எந்த மண்ணில் பிறந்தார் என்று பாருங்கள். 1923 ஜனவரி 12, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், கீலா நதி ரிசர்வேஷனில் உள்ள சக்கட்டோன். நம் ஊரில் ரிசர்வேஷன் என்றால் படிப்பும் வேலையும். அங்கே ரிசர்வேஷன் என்றால் பிடுங்கியது போக மிச்சம் விட்டுவைத்த நிலம். வெளியார் பீமா என்று அழைத்த அந்த மக்கள் தங்களை அகிமெல் ஓஓதாம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆற்று மக்கள் என்று பொருள். பாலைவனத்தில் வாய்க்கால் வெட்டிக் கோதுமை விளைவித்தவர்கள். கலிபோர்னியாவுக்குப் போன வெள்ளைக்காரப் பயணிகளுக்கும் அமெரிக்கப் படைக்கும் தானியம் விற்கும் அளவுக்கு விளைச்சல் கண்டவர்கள். 1870களிலிருந்து மேல்மடையில் குடியேறிய வெள்ளையர்கள் கீலா நதியைத் திருப்பிக்கொண்டார்கள். ஆற்று மக்களுக்கு ஆறு இல்லை. விளைவித்து விற்றவர்கள் பட்டினி கிடந்தார்கள். 1930இல் கூலிட்ஜ் அணை திறந்தார்கள். இந்த மக்களுக்காகத்தான் கட்டுகிறோம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். அந்த அணையும் போன ஆற்றைத் திருப்பித் தரவில்லை. ஐராவின் அப்பா முதல் உலகப்போரில் பங்கேற்றவர். திரும்பி வந்து அதே வறண்ட நிலத்தில் பருத்தி பயிரிட்டார்.

இந்த வீட்டிலிருந்து 1942 ஆகஸ்டில் ஒரு 19 வயதுப் பையன் மரைன் படையில் சேர்கிறான். அதிகம் பேசாதவன், நிறையப் படிக்கிறவன். பாராசூட் பயிற்சி கடினமானது, அதில் தேறுகிறான். வெல்லா லவெல்லாவிலும் பூகன்வில்லிலும் போரிட்டுவிட்டு, 1945 பிப்ரவரி 19 அன்று இவோ ஜிமாவில் இறங்குகிறான். நான்கு நாள் கழித்து சூரிபாச்சி மலையில் ஜோ ரோசென்தால் அந்தப் புகைப்படத்தை எடுக்கிறார். அதில் இடது கோடியில் கையை நீட்டியபடி நிற்பது ஐரா. படத்தில் இருந்த ஆறு பேரில் மூன்று பேர் அந்தத் தீவைவிட்டு உயிரோடு திரும்பவில்லை.

படத்தைப் பார்த்த அரசுக்கு அதில் பணம் தெரிந்தது. உயிரோடு இருந்த மூவர் என்று ஐராவையும் ரெனே காக்னனையும் ஜான் பிராட்லியையும் அழைத்து வந்து, ஏழாவது போர்க்கடன் இயக்கத்துக்காக ஊர் ஊராக ஊர்வலம் விட்டார்கள். 1,400 கோடி டாலர் திரட்ட நினைத்தார்கள், 2,600 கோடிக்கு மேல் சேர்ந்தது. ஐரா இதற்கு வரவே விரும்பவில்லை. என் பெயரைச் சொல்லாதே என்று காக்னனை எச்சரித்தவர் அவர். போன இடமெல்லாம் மேடை, விருந்து, கையில் கோப்பை. கொடுத்தவர்களே பிறகு "குடிக்கிறான்" என்று சொல்லி அவரைப் பாதியில் திருப்பி அனுப்பினார்கள்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். பூர்வகுடிகளுக்கு மது விற்பது அமெரிக்காவில் 1953 வரை கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நாடே கொண்டாடிய வீரன், ஒரு கடையில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டப்படி ஒரு பீர் வாங்க முடியாது. வெள்ளைக்கார வீரன் குடித்தால் போரின் களைப்பு, ஐரா குடித்தால் இனத்தின் குணம். திருட்டுத்தனமாக, அவசர அவசரமாக, சந்தில் நின்று குடிக்கும் பழக்கத்தை ஒரு மக்கள் மீது சட்டம் போட்டுத் திணித்துவிட்டு, அவர்கள் சந்தில் விழுந்து கிடப்பதைப் படம் எடுத்துப் போட்டன பத்திரிகைகள்.

ஓட்டும் இல்லை. 1924இல் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது. அரிசோனா அசையவில்லை. காப்பாளரின் கீழ் இருப்பவர்களுக்கும் புத்தி பேதலித்தவர்களுக்கும் வாக்குரிமை கிடையாது என்ற ஒரே பிரிவைக் காட்டி 1928இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர்களை வெளியே நிறுத்தியது. 1948இல்தான் அந்தத் தீர்ப்பு தூக்கி எறியப்பட்டது. நாடு முழுக்கத் தபால்தலையில் ஒட்டப்பட்ட வீரன், இவோ ஜிமாவுக்குப் பிறகும் மூன்று வருடம் சொந்த மாநிலத்தில் ஓட்டுப்போட முடியாதவனாக இருந்தான். இதை எழுதாமல் "புகழைத் தாங்க முடியவில்லை" என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது? அவரால் தாங்க முடியாதது புகழ் மட்டும்தானா?

இப்போது நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம். கொடிக்கம்பத்தின் அடியில் குனிந்து நிற்பவர் ஹார்லன் பிளாக். படை அதை ஹாங்க் ஹான்சன் என்று தவறாக அறிவித்துவிட்டது. ஐரா உடனே அதிகாரியிடம் சொன்னார். பெயர்கள் வெளியே போய்விட்டன, இருவருமே இறந்துவிட்டார்கள், வாயை மூடிக்கொண்டிரு என்று பதில் வந்தது. டெக்சாஸில் இருந்த பிளாக்கின் தாய், முதுகு மட்டுமே தெரியும் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து "இது என் மகன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் நம்புவார்கள்? 1946இல், படையிலிருந்து விடுபட்ட பிறகு, ஐரா கையில் காசில்லாமல், வழியில் போகிற வண்டிகளில் ஏறி, அரிசோனாவிலிருந்து வெஸ்லகோ வரை ஆயிரம் மைலுக்கு மேல் போனார். பருத்தி வயலில் நின்ற பிளாக்கின் தந்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தக் குடும்பம் அதைப் பிடித்துக்கொண்டு போராடியது. 1947 ஜனவரியில் மரைன் படை தன் தவற்றை ஒப்புக்கொண்டது.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். இந்தக் குடிகாரன் பேச்சு நின்றது. கோட்டு மாட்டிய அதிகாரிகளின் பேச்சுதான் போச்சு.

கதை அதோடும் முடியவில்லை. பிராட்லி அந்தப் படத்தில் இல்லை, அது ஹரோல்ட் ஷுல்ட்ஸ் என்று 2016இல் மரைன் படை அறிவித்தது. காக்னனும் இல்லை, அது ஹரோல்ட் கெல்லர் என்று 2019இல் அறிவித்தது. அந்த இருவரையும் நாங்கள் பொய்யர் என்று சொல்லவில்லை. முதலில் ஏற்றிய கொடியில் பிராட்லிக்குப் பங்கு உண்டு, இரண்டாவது கொடியை மலைமேல் கொண்டுபோனவர் காக்னன். மற்ற பெயர்களை ஐராவும் அன்று மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஊர்வலம் விட்ட மூவரில் உண்மையாகவே அந்தப் படத்தில் இருந்தவர் ஒருவர்தான். "குடிக்கிறான்" என்று பாதியில் விரட்டப்பட்டாரே, அவர்.

குடியை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. குடி அவரைக் கொன்றது. ஐம்பது முறை வரை அவர் கைதானதாகச் சொல்கிறார்கள். 1953இல் பூர்வகுடிகளை நகரத்துக்கு அனுப்பும் அரசுத் திட்டத்தில் சிகாகோ போனார். அங்கேயும் தெருவில் விழுந்தார், அங்கேயும் செய்தியானார். செத்த தோழர்களின் முகங்களோடு வாழ்ந்த ஒருவருக்கு அன்றைக்கு வைத்தியம் என்ன இருந்தது? அந்த நோய்க்கு மருத்துவ நூலில் ஒரு பெயர் ஏறியதே 1980இல்தான். அவருக்குக் கிடைத்தது சிறைக்கொட்டடியும் மறுநாள் தலைப்புச் செய்தியும். இந்த இனத்துக்கே உடம்பில் குடி ஓடுகிறது என்று இன்னும் அறிவியல்போல் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பூர்வகுடிகளில் குடிக்கவே குடிக்காதவர்களின் விகிதம் வெள்ளையரைவிட அதிகமாக இருந்தது. அளவுக்கு மீறிக் குடிப்பவர்களின் விகிதம் ஏறத்தாழ சமம்.

ஐராவின் கதை எங்களுக்கு ஏன் என்று கேட்பீர்கள். "அவனுங்க குடிகாரப் பசங்க" என்ற சொல் எங்கள் தெருவுக்குப் புதிதா? தேவைப்படும்போது துப்பாக்கியைக் கொடுப்பதும், முடிந்ததும் கழற்றிக்கொள்வதும் புதிதா? மகர் மக்களை 1890களில் படையிலிருந்து ஒதுக்கிய வெள்ளைக்காரன், முதல் உலகப்போருக்கு ஆள் போதவில்லை என்றதும் 1917இல் 111வது மகர் படையை அமைத்தான், போர் முடிந்ததும் 1921இல் கலைத்தான், அடுத்த போர் வந்ததும் 1941இல் மகர் ரெஜிமெண்டைத் தொடங்கினான். இந்தப் பழக்கத்தை நாங்கள் எந்த ஊரில் பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

1954 நவம்பர் 10 அன்று அந்தப் புகைப்படம் வெண்கலச் சிலையாக ஆர்லிங்டனில் திறக்கப்பட்டது. அதிபர் ஐசன்ஹோவர் வந்திருந்தார், ஐராவும் வந்திருந்தார். சரியாக 75 நாள் கழித்து, 1955 ஜனவரி 24 அன்று காலை, சக்கட்டோனில் கைவிடப்பட்ட ஒரு மண் குடிசைக்கு அருகே அவர் உடல் கிடந்தது. குளிரும் மதுவும் காரணம் என்று மரண அறிக்கை சொன்னது. ராணுவ மரியாதையோடு ஆர்லிங்டனில் புதைத்தார்கள். 1961இல் அவர் கதையைப் படம் எடுத்தபோது, அவராக நடிக்க டோனி கர்டிஸின் முகத்துக்குச் சாயம் பூசினார்கள். ஒரு பூர்வகுடி நடிகர் கிடைக்கவில்லையாம்!

கீலா நதித் தண்ணீரில் அந்த மக்களின் பங்கைத் தீர்த்துவைக்கும் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2004இல். ஐரா செத்து 49 வருடம் ஆகியிருந்தது.