தொலைந்துபோன திறப்பு

"யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா?" என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. அங்ஙனம் தயங்கிய மாந்தருள் நாமும் ஒருவர் என்பதை இவ்வாரம் வாசகர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியவராயிருக்கிறோம். யப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்த சிறிய கார் ஒன்றை நாம் வாங்கியபோது அதனுடன் வந்தது ஒரே ஒரு திறப்பு. இன்னொன்று செய்வித்து வைக்கும்படி எம் மனைவியார் ஆண்டுதோறும் நினைவூட்டினார். "இருக்கிற ஒன்றைக் கவனமாய் வைத்திருந்தாற் போதாதா?" என்பதே ஆண்டுதோறும் நாம் இறுத்த விடை.

சில மாதங்களின் முன் ஒரு சனிக்கிழமை, ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு பேராதனைப் பூங்காவுக்குச் சென்றோம். 1821 ஆம் ஆண்டில் அமைந்த அப்பூங்கா 147 ஏக்கர் பரந்தது. மூன்று புறமும் மகாவலி கங்கை வளைந்தோடுவது. நண்பகலில் மழை தூறிற்று. பதினைந்து வயதுடைய எம் மகன் திறப்பை வாங்கிக்கொண்டு ஓடி, காரிலிருந்த பெரிய குடையை எடுத்து வந்தான். மாலையில் வாயிலுக்கு மீண்டபோது எம் பையில் திறப்பு இல்லை. "உங்கட கையிலதான் தந்தனான், அப்பா" என்றான் மகன். நாம் நம்பவில்லை, உறவினர் முன்னிலையிலேயே அவனைக் கடிந்துகொண்டோம். வந்த வழியெல்லாம் குனிந்து தேடியும் பயனில்லை. முச்சக்கர வண்டியில் வீடு சேர்ந்தோம். மகன் அன்றிரவு உண்ணவில்லை.

மறுநாட் காலை, கைதேர்ந்தவர் எனப் பெயர்பெற்ற ஒருவரை அயலவர் அனுப்பிவைத்தார். காருக்குள் இருக்கும் காவற்பொறியை அறவே நீக்கிவிட்டால் எந்த இரும்புத் துண்டாலும் வண்டியை இயக்கலாம், செலவும் சொற்பம் என்றார் அவர். மாதக் கடைசி, எம் மனம் சபலமுற்றது. "எங்களுக்குச் சொற்பமெண்டால் கள்ளனுக்கும் சொற்பந்தானே?" என்றார் மனைவியார். அந்த ஒரு வினாவே எம்மைக் காத்தது.

பின்னர் வந்த இளைஞர் கையில் ஒரு கணனியும் திறப்பு வெட்டும் சிறு இயந்திரமும் இருந்தன. "சேர், இது வெறும் இரும்பில்லை. இரும்பு வெட்டுறது கால் மணித்தியால வேலை. காருக்கு அதை அறிமுகப்படுத்துறதுதான் பெரிய வேலை" என்றார். அவர் விளக்கியதை மாணவர்க்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகின்றோம்.

திறப்பின் கைப்பிடிக்குள் அரிசிமணி போன்றதொரு சில்லு உண்டு. அதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. திறப்பு நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதிலெழும் காந்தப் புலமே சில்லுக்கு உயிரூட்டுகிறது. உடனே கார் ஓர் எண்ணைச் சொல்லி, "இதற்கு விடை யாது?" என்று வினவும். சில்லு தன்னுள் இருக்கும் இரகசிய எண்ணைக் கொண்டு கணித்து விடை கூறும். காரும் அதே கணக்கைத் தானே செய்து பார்க்கும். விடைகள் ஒத்தாலன்றி இயந்திரம் இயங்காது. அடுத்த முறை வினா வேறு. ஆதலின் ஒரு முறை கூறிய விடையை ஒட்டுக்கேட்டவனுக்கும் பயனில்லை. இரகசியமோ ஒருபொழுதும் வெளியே வருவதில்லை.

இக்காவல் வந்த வரலாறும் சுவையானது. முன்னாளில் இரு கம்பிகளை இணைத்தே கள்வர் காரை ஓட்டிச் சென்றனர். ஆதலால் ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஒக்டோபர் முதல் புதிய கார்களில் இப்பொறியைக் கட்டாயமாக்கிற்று. அமெரிக்காவில் அத்தகைய கட்டாயம் இல்லை. விளைவு யாது? 2021, 2022 ஆம் ஆண்டுகளில், இப்பொறி இல்லாத கியா, ஹியுண்டாய் வண்டிகளை இளைஞர்கள் ஒரு கணனிக் கம்பியின் முனையைச் செருகித் திருப்பியே ஓட்டிச் சென்றனர். அந்தக் காவலனை நீக்கவல்லவா நாம் காசு கொடுக்க இருந்தோம்!

நிற்க. காவலின் வலிமை எங்கே இருக்கிறது? பிரான்ஸில் எம்மைப்போல் மொழி கற்பித்த கேர்க்கோப்ஸ் என்னும் ஆசிரியர் 1883 இலேயே இதற்கு விடை கண்டார். மறைபொருள் அனுப்பும் முறை பகைவர் கையிற் சிக்கினாலும் கேடு விளையலாகாது. இரகசியம் திறவுகோலில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதை மறந்தவர்கள் பின்னாளில் வருந்தினர். கார்த் திறப்புகளில் பெரிதும் வழங்கிய ஒருவகைச் சில்லு, கணக்கிடும் முறையை மறைத்து வைத்துக்கொண்டு, இரகசிய எண்ணை நாற்பது இரும இலக்கங்களோடு நிறுத்திக்கொண்டது. அதில் அமையக்கூடிய எண்கள் ஓர் இலட்சம் கோடிக்கு மேற்பட்டவை. எனினும் 2005 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் அம்முறையைக் கண்டறிந்து, இரகசிய எண்ணை ஒரு மணிநேரத்துக்குள் வெளிக்கொணர்ந்தனர். ஒளித்து வைத்த பொறி காக்கவில்லை. நீண்ட திறவுகோலே காக்கும்.

புதிய திறப்பு ஆயத்தமானதும் இளைஞர் ஒன்று கேட்டார்: "பழைய திறப்பைக் காரின் நினைவிலிருந்து அழித்துவிடவா?" "வேண்டாம், தம்பி, ஒருகால் கிடைத்தால் உதவுமே" என்றோம். மனைவியார் இடைமறித்தார். தொலைந்த திறப்போடு, வண்டி இலக்கம் பொறித்த தகடும் தொங்கியதை நாம் மறந்திருந்தோம். கண்டித் தலதா மாளிகைப் பேழைக்குத் திறப்புகள் மூன்று. மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர் இருவரிடமும் தியவதன நிலமேயிடமும் ஒவ்வொன்று இருக்கும். மூவரும் கூடினாலன்றிப் பேழை திறவாது. காருக்கு அத்தகைய காவல் ஏது? ஒன்று பிறன் கைப்பட்டால் வண்டியே அவனுடையதாகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீளத் தொடங்கும்வரை பழைய கார்கள் விற்ற விலையை அறிந்தோர், இந்த இழப்பின் பாரத்தை உணர்வர். பழைய திறப்பு அழிக்கப்பட்டது. கையில் ஒரு திறப்பு இருக்கும்போதே இரண்டாவதைச் செய்வித்திருந்தால் ஆகியிருக்கும் செலவின் பன்மடங்கு எம் பையிலிருந்து போயிற்று.

மூன்று வாரம் கழிந்து, கதவின் பின்னே தொங்கிய பெரிய குடையை விரித்தோம். திறப்பு 'கிளுங்' என்று தரையில் விழுந்தது! பூங்காவில் குடையைச் சுருக்கியவர் நாமேயன்றி மகனல்லன். அதை எடுத்துச் சென்று பரீட்சித்தோம். கதவு திறந்தது, துவாரத்தில் திறப்பு திரும்பவும் செய்தது, இயந்திரமோ அசையவில்லை. இரும்பு பழைய உறவைக் காட்ட, கார் அதனை அறியவில்லை. இளைஞரை மீண்டும் அழைத்து அதையே இரண்டாவது திறப்பாகப் பதிவு செய்வித்தோம்.

வாசகர்கள் செய்யத்தக்கவை சில. இரண்டாவது திறப்பை இன்றே செய்வித்து வீட்டில் வையுங்கள். திறப்புக்குரிய இலக்கத் தகடு வண்டியோடு வந்திருந்தால் அதனைத் திறப்போடு கோக்காமல் வேறிடத்தில் வையுங்கள். வண்டி இலக்கத்தையோ வீட்டு முகவரியையோ திறப்பிற் தொங்கவிடாதீர்கள். தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து, காப்புறுதியாளருக்கும் அறிவித்து, பழையதை அழிப்பியுங்கள். பையிலிருந்தபடியே கதவைத் திறக்கும் புதுவகைத் திறப்பு உடையோர் இரவில் அதனை மூடியுள்ள தகரப் பெட்டியில் இடுதல் நன்று. அதன் அலைகளைத் தூரத்துக்குக் கடத்திக் காரை ஏமாற்றலாம் என்பதை சூரிச் நகர ஆய்வாளர் 2011 இல் பத்து வகைக் கார்களிற் செய்து காட்டினர்.

இன்னுமொன்று உண்டு; அது எமக்கே உரியது. கார்கூடத் திறப்பை ஒரு வினா வினவி, விடை கேட்ட பின்னரே ஏற்பதோ தள்ளுவதோ செய்கிறது. நாமோ மகன் கூறிய விடையைக் கேட்கவும் மனமின்றித் தீர்ப்பளித்துவிட்டோம். குடையிலிருந்து விழுந்த திறப்பை அவன் கையிற் கொடுத்து, "பிழை அப்பாவுடையது" என்றோம். அவன் சிரித்தான். இரண்டாவது திறப்பு இப்பொழுது அவன் பொறுப்பில் இருக்கிறது.