நிரலுக்கும் கேட்கத் தெரிய வேண்டும்



எமது ஊர்ப் பிள்ளைகள் இப்போது பைதனில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதுகிறார்கள். மாஷா அல்லாஹ். பள்ளிவாசல் சந்தா, வகுப்புப் புள்ளிகள், நிவாரணப் பட்டியல் எல்லாம் அவற்றில்தான் ஓடுகின்றன. ஆனால் அநேகமானவற்றில் மாதமும் கோப்பின் பெயரும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. எழுதிய தம்பி கட்டாருக்குப் போய்விட்டால் அடுத்த மாதம் அதை ஓட்ட ஆளில்லை.

மாறக்கூடியதை நிரலுக்கு வெளியே எடுங்கள் என்கிறோம். கட்டளை வரியில், நிரலின் பெயருக்குப் பக்கத்தில், மாதத்தையும் கோப்பையும் கொடுக்க விடுங்கள். பைதனுடன் கூடவே வரும் ஆர்க்பார்ஸ் இதைப் பார்த்துக்கொள்ளும். ஹெல்ப் கேட்டால் என்னென்ன வேண்டும் என்றும் காட்டும். கொடுக்க மறந்ததைக் கேட்டு வாங்க இன்புட் ஒரு வரி போதும்.

"கேட்பானேன், இல்லாவிட்டால் இந்த மாதம் என்று எடுத்துக்கொள்ளட்டுமே" என்பார்கள். பட்டியலைத் திரையில் காட்ட அது சரி. அழிக்கவோ, ஊருக்கே எஸ்எம்எஸ் அனுப்பவோ சரியில்லை. 2015இல் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் இதுதான் நடந்தது. அதன் ஸ்கிரிப்ட்டுக்குத் தன் கோப்புறை இருக்கும் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பெறுமானம் வெறுமையாக நின்றது. ஸ்கிரிப்ட் நிற்கவுமில்லை, கேட்கவுமில்லை. "இந்தக் கோப்புறையில் உள்ளதை அழி" என்ற கட்டளை, கணினியில் உள்ள அனைத்தையும் அழி என்றாகிவிட்டது. ஒரு பாவனையாளரின் கோப்புகள் எல்லாம் போயின, இணைத்திருந்த பேக்கப் டிஸ்க்கில் இருந்தவையும் சேர்த்து. இத்தனைக்கும் இது பயமான வேலை என்று அந்த இடத்தில் குறிப்பு எழுதியிருந்தார்கள். குறிப்பு இருந்தது, சோதனை இருக்கவில்லை.

கடவுச்சொல் மட்டும் விதிவிலக்கு. அதைக் கட்டளை வரியில் கொடுக்கவே வேண்டாம். ஷெல்லின் ஹிஸ்டரியில் பதிந்துவிடும். அதே கணினியைப் பாவிக்கும் மற்றவரும் பார்க்கலாம். கெட்பாஸ் வைத்துக் கேளுங்கள், தட்டுவது திரையில் தெரியாது.

இரவில் தானாக ஓடும் நிரல் யாரிடம் கேட்கும்? அது குறைவதை எழுதிவைத்துவிட்டு நின்றுவிட வேண்டும்.

சந்தா நிரல் வைத்திருக்கும் தம்பிமாரே, இந்த மாதம் அதைப் பொருளாளர் காக்காவின் கையில் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் இருங்கள். அவர் திரையைப் பார்த்து விழிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.