பனி ஏறிய கம்பியும் காற்றும் – இரும்பை மட்டும் திட்டாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வெள்ளை வயல்வெளியில் மின்கோபுரங்கள் முறுக்கிய கம்பிபோல மடங்கிக் கிடக்கின்றன. கீழே ஒருவர், "ஜெர்மன்காரன் இரும்பே இவ்வளவுதானா!" என்று எழுதியிருந்தார். படம் 2005 நவம்பர் 25 அன்று ஜெர்மனியின் மூன்ஸ்டர்லாந்து பகுதியில் நடந்ததைக் காட்டுகிறது. 82 கோபுரங்கள் சாய்ந்தன. ஏறக்குறைய 2,50,000 பேருக்கு மின்சாரம் போனது. சில ஊர்களில் நாள் கணக்கில் வரவில்லை. மாட்டுப்பண்ணைகள் நிறைந்த பகுதி அது. கரண்ட் இல்லாவிட்டால் கறவை இயந்திரம் ஓடாது. மடி கனத்து நிற்கும் மாடு அதுவரை காத்திருக்குமா?

இரும்பைப் பற்றிய பேச்சு பொய்யில்லை. அங்கே சில கோபுரங்களில் தாமஸ் எஃகு என்னும் பழைய வகை இருந்தது. உருகிய இரும்புக்குள் காற்றை ஊதித் தயாரிப்பார்கள். அதில் தங்கிவிடும் நைட்ரஜன் நாளாக நாளாக எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். ஜெர்மனியிலும் பெரிய சண்டை இதைப் பற்றித்தான் நடந்தது. ஆனால் என் பார்வையில் இது பாதிக் கதை. மீதிப் பாதி, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியக்கூடிய கணக்கு.

கம்பியின் குறுக்களவு 22 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது விழும் ஈரப்பனி பசைபோல ஒட்டும். காற்று அடிக்கிற பக்கம் முதலில் படியும். அந்தப் பக்கம் கனத்ததும் கம்பி மெல்லத் திருகிக்கொள்ளும், புதுப் பக்கம் காற்றைப் பார்க்கும், அதிலும் படியும். இப்படியே திரும்பித் திரும்பி உருளையாகிவிடும். பின்னால் தான் பிடித்துத் தள்ளப்போகும் உருளையைக் காற்றே உருட்டிக் கொடுக்கிறது, பாருங்கள்!

உருளை 110 மி.மீ. ஆகிவிட்டால் காற்று மோதும் அகலம் 5 மடங்கு. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 300 மீட்டர் என்றால், வெறும் கம்பி காற்றுக்குக் காட்டுவது 6.6 சதுர மீட்டர். பனி ஏறிய பிறகு 33 சதுர மீட்டர். ஒரே ஒரு கம்பிக்கு இவ்வளவு! காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வெறும் கம்பியில் மணிக்கு 100 கி.மீ. புயல் செய்வதை, இந்த உருளையில் 45 கி.மீ. காற்றே செய்துவிடும். கோபுரத்தின் குறுக்குச் சட்டங்களுக்கும் இதே கதிதான். 50 மி.மீ. சட்டத்தில் இருபுறமும் 25 மி.மீ. பனி ஏறினால் அகலம் இரட்டிப்பு, 150 மி.மீ. காலுக்கோ மூன்றில் ஒரு பங்குதான் கூடும். மெலிந்ததுதான் அதிகம் அடிவாங்குகிறது.

இதோடு எடையும் உண்டு. மீட்டருக்கு 1 கிலோ உள்ள கம்பி, கூடுதலாக நாலைந்து கிலோ பனியைச் சுமக்கும். எடை கால்களைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. காற்று உச்சியைப் பக்கவாட்டில் தள்ளும்போது காற்று போகும் பக்கத்துக் கால் மேலும் அமுங்குகிறது. ஏற்கெனவே மூட்டை சுமப்பவனைத் தோளில் தள்ளுவதுபோல. எடையைத் தனியாகச் சோதித்தால் கோபுரம் பாஸ். காற்றைத் தனியாகச் சோதித்தாலும் பாஸ். இரண்டும் ஒரே இரவில் வந்தால் ஃபெயில். (நாமும் பள்ளியில் நிறையை ஒரு பாடமாகவும் காற்றழுத்தத்தை இன்னொரு பாடமாகவும்தானே நடத்தினோம்!) அதனால் பனி விழும் நாடுகளில் கோபுரம் கட்டும் விதிகள் இரண்டையும் கண்டிப்பாகச் சேர்த்தே கணக்கிட வேண்டும். அதுவும் முந்தைய சராசரிக் குளிருக்கு அல்ல, மோசமான இரவுக்கு.

"கம்பியை மண்ணுக்குள் புதைத்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். ஊருக்குள் சரி. நூற்றுக்கணக்கான கி.மீ. உயரழுத்தப் பாதைக்குச் செலவு தாங்காது.

எனக்குப் பிடித்த வழி கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இருக்கிறது. 1998 ஜனவரியில் அங்கே உறைமழை பெய்து கோபுரங்கள் வரிசையாக விழுந்தன. ஒன்று சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் கம்பியின் இழுப்பு போய்விடும். அடுத்த கோபுரத்தை மறுபக்கக் கம்பி இழுத்துத் தள்ளும். அதன் பிறகு வரிசைக்கு நடுவே, இந்த ஒருபக்க இழுப்பையும் தாங்கும் பலமான கோபுரங்களை நிறுத்தினார்கள். விழுவது விழட்டும், சரிவு அங்கே நின்றுவிட வேண்டும் என்பது திட்டம். எல்லாக் கோபுரத்தையும் கோட்டையாக்குவதைவிட இது மலிவு. மூன்ஸ்டர்லாந்தில் 82 விழுந்த இடத்தில் எட்டோ பத்தோ விழுந்திருந்தால், அந்தப் பண்ணைக்காரர்களுக்கு அந்த வாரம் வேறு மாதிரி போயிருக்கும்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். மாலை நடை முடித்து வந்து பதில் எழுதுகிறேன்.