ஒரே குலம், இருவேறு கதி

சுறா என்றால் பாய்ந்து வந்து கடிப்பது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். தட்டையான உடலைக் கடலடி மணலில் புதைத்துக்கொண்டு, இரை அருகில் வரும்வரை அசையாது காத்துக் கிடக்கும் சுறாவும் உண்டு, நேயர்களே! சிறகுகள்போல் அகன்ற துடுப்புகள் இருப்பதால் ஆங்கிலேயர் அதனை ‘ஏஞ்சல் ஷார்க்’, அதாவது தேவதைச் சுறா, என்றனர். அக்குலத்து மீன்கள் இரண்டின் வரலாறு சிந்திக்கத்தக்கது.

முதலாவது ஐரோப்பாவுக்குரியது. ஏறத்தாழ எட்டடி நீளம்வரை வளர்வது. ஒரு காலத்தில் அட்லாண்டிக் கரையோரத்திலும் மத்தியதரைக் கடலிலும் ஏராளமாய்க் கிடைத்தது. பிரிட்டனில் ‘மாங்க் பிஷ்’, துறவி மீன், என்று விற்கப்பட்டது. கடலடியை வாரிச் செல்லும் இழுவலைகள் பெருகவே, மணலில் படுத்திருக்கும் மீனுக்குத் தப்ப வழியில்லாது போயிற்று. வட கடலில் அது அற்றே போயிற்று. துறவி மீன் அரிதானபின் அப்பெயர் வேறொரு மீனுக்கு வந்து சேர்ந்து இன்றும் வழங்குகிறது. கூடைமேல் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பேரேட்டில் பதியும் என்போன்ற குமாஸ்தாவுக்கு மாற்றம் தெரிந்திராது! 2006-ஆம் ஆண்டு முதல் உலகச் சிவப்புப் பட்டியலில் அது மிகக் கொடிய அபாயத்திலுள்ள இனம். பிரிட்டன் 2008-இல் சட்டப் பாதுகாப்பு அளித்தது. இன்று கானரித் தீவுகளே அதன் முக்கியப் புகலிடம்.

இரண்டாவது கலிபோர்னியாக் கடற்கரையில் வாழ்வது, ஐந்தடிதான். ஐரோப்பிய மீன் ஓர் ஈற்றில் ஏழு முதல் இருபத்தைந்து குட்டிகள் ஈனும். இதுவோ பெரும்பாலும் ஆறுதான். பருவமடையவும் பத்தாண்டுகள் அளவு செல்லும். இக்கணக்கின்படி முதலில் அழிந்திருக்க வேண்டியது இதுவே. 1970-களின் நடுப்பகுதிவரை செம்படவர் இதனை உதவாத மீன் என்று எறிந்துவிடுவராம். பின்னர் சாண்டா பார்பராவில் இதற்கு விலை ஏற்பட்டது. பத்தாண்டுக்குள் ஓராண்டுப் பிடிப்பு 500 டன்னைத் தாண்டி, உடனே சரியத் தொடங்கியது. 1986-இல், குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய மீனைப் பிடிக்கலாகாதென விதி செய்தனர். அது போதவில்லை. 1990-இல் அம்மாநில வாக்காளர்களே வாக்களித்துச் சட்டம் இயற்ற, 1994 முதல் தெற்குக் கலிபோர்னியாவின் கரையோர நீரிலிருந்து செவுள் வலைகள் அகற்றப்பட்டன.

மீன் மிஞ்சியிருக்கும்போதே வலை நின்றது. ஐரோப்பாவில் மீன் மறைந்தபின் சட்டம் வந்தது. ஆயினும் எல்லைக்குத் தெற்கே மெக்சிகோவில் வலைகள் ஓயவில்லை. ஆதலின் கலிபோர்னிய மீனையும் அபாயத்தை நெருங்கியது என்றே பட்டியல் குறிக்கிறது.