காத்துல ஒரு கூட்டணி!

கல்பாக்கம் தாண்டி ஈ.சி.ஆரில் போயிருக்கீங்களா? செய்யூர் பக்கம் உப்பளங்கள் வெள்ளை வெளேர்னு கண்ணைப் பறிக்கும். கடலோரம் நின்னா உதடு கரிக்கும். அலை உடையும்போது தெறிச்சு, காத்துல ஏறின உப்புத் துகள் அது.

இது ரெடிமேட் துகள். இன்னொரு ரகம் காத்துலேயே பிறக்குது! நிலக்கரி எரிஞ்சா வர்ற சல்ஃபர் டை ஆக்ஸைடு, வெயிலின் உதவியோடு கந்தக அமிலமா மாறும். சில அமில மூலக்கூறுகள் அம்மோனியாவோடு கூட்டணி வெச்சா, குட்டித் துகள் ரெடி. சைஸ்? சுமார் 1 நானோமீட்டர். பெரும்பாலான கூட்டணிகள் பிறந்த கையோடு உடைஞ்சிடும், நம்ம ஊர் அரசியல் மாதிரி! தப்பிச்சது மட்டும் மற்ற வாயுக்களைச் சேர்த்துக்கிட்டு 100 நானோமீட்டர் வரை வளரும். அதுமேல நீராவி படிஞ்சா மேகத்துளி. நாம சுவாசிச்சா, நுரையீரலின் அடி ஆழம் வரை போகும்.

இப்போ மேட்டருக்கு வர்றேன். செய்யூரில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டத் திட்டமிட்டாங்க. 2013-ல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைச்சது. ஊர்க்காரங்க எதிர்த்தாங்க. 2015-ல் டெண்டர் ரத்து.

'சிம்னியில ஃபில்டர் இருக்குமே'ங்கறீங்களா? அது சாம்பலைத்தான் பிடிக்கும். வாயுவைப் பிடிக்கத் தனிக் கருவி வேணும். நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்தக் கருவி கட்டாயமில்லைன்னு 2025 ஜூலையில் மத்திய அரசு சொல்லிடுச்சு.

அதனால, சிம்னியில கரும்புகை வரலைன்னா 'க்ளீன்'னு நம்பிடாதீங்க பாஸ். பல கிலோமீட்டர் தள்ளி, யாரோ ஒருத்தர் வீட்டு மொட்டைமாடிக்கு மேல துகள் பிறந்துக்கிட்டிருக்கும்!