வைக்கோல் நம்முடையது, வித்து யாருடையது?

சிப்பிக் காளான் வளர்த்தால் ஏழைக் குடும்பம் பிழைத்துக் கொள்ளும் என்று ஊர் ஊராய்ப் பிரசாரம் நடக்கிறது. களியக்காவிளைப் பக்கத்து விவசாயக் கூலிப் பெண்களும் இதைக் கேட்டிருப்பார்கள். பிரசாரத்தில் பொய்யில்லை. பாதியைச் சொல்லாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான்.

தொழில் எளியது. வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சில மணி நேரம் ஊறவைத்து, அரைமணி நேரம் வேகவைக்க வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, துளையிட்ட பிளாஸ்டிக் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, வித்து ஒரு அடுக்கு என்று நிரப்பிக் கட்டவேண்டும். இருட்டறையில் பதினைந்து, இருபது நாளில் பை முழுவதும் வெள்ளை பூக்கும். பிறகு பையைக் கிழித்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் சில நாளில் முதல் அறுப்பு. அரைக் கிலோ வைக்கோலில் இரண்டு மூன்று அறுப்பாக ஏறக்குறைய அதே எடைக்குக் காளான் கிடைக்கும்.

விளவங்கோட்டில் வயல் சுருங்கி ரப்பர் பரந்துவிட்டது. வைக்கோலுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். மலேசியாவில் ரப்பர் மரத் தூளில்தான் இதை வளர்க்கிறார்கள். வாழைச் சருகிலும் வளரும். ஆக, கழிவுக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வித்துக்குத்தான். சோள மணியில் காளான் இழையை ஏற்றிச் செய்யும் இந்த வித்தைக் குடிசையில் செய்ய முடியாது. கிருமி புகாத அறை வேண்டும். வித்து கெட்டிருந்தால் பையில் பச்சைப் பூசணம் பிடிக்கும். உழைப்பு குப்பைக்குப் போகும். அறுத்த காளானோ இரண்டு நாள் தாங்காது. வித்தை விற்பவனும் காளானை வாங்குபவனும் தனியார் வியாபாரி என்றால், நடுவில் நிற்கும் பெண்ணுக்கு மிஞ்சுவது என்ன? மாலைக்குள் விற்காவிட்டால் அழுகும் சரக்கை வைத்துக்கொண்டு யாரிடம் பேரம் பேசுவாள்?

இந்த அறிவு தனியார் முதலாளி கண்டுபிடித்ததல்ல. 1917ல், யுத்தப் பட்டினியில், ஜெர்மனியில் மரக்கட்டைகளில் இதை வளர்த்துப் பார்த்தார்கள். கோயம்புத்தூரில் 1940களிலேயே வைக்கோலில் வேறொரு காளானைப் பயிர் செய்தார்கள். 1962ல் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக் காளானை வைக்கோலில் விளைவித்துக் காட்டினார்கள். பொதுமக்கள் வரிப்பணத்தில் பிறந்த அறிவுக்கு வித்தும் பொது நிலையத்திலிருந்து அடக்கவிலையில் வருவதுதானே நியாயம்?

இன்னொன்றையும் மேடையில் சொல்வதில்லை. முதிர்ந்த காளான் மாவு போல நுண்துகளைக் கொட்டும். அடைத்த அறையில் அதை நாள்தோறும் சுவாசித்தால் இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் வரும். பஞ்சாலைத் தூசியைத் தின்ற தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழந்தை தூங்கும் ஒற்றை அறையில் பையைத் தொங்கவிடச் சொல்வது அக்கிரமம். தனிக் கொட்டகை வேண்டும். விளிம்பு சுருளுமுன் அறுக்க வேண்டும். மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

வழி இருக்கிறது. எல்லைக்கு அப்பால் 'கூண்' என்றால் விரும்பி வாங்குகிறார்கள். திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1998ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் அங்குள்ள பெண்கள் கூட்டாகத் தொழில் நடத்துகிறார்கள். நம் பக்கத்திலும் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கொட்டகை, ஒரே விற்பனை என்று வைத்தால் வியாபாரி தனித்தனியாக அமுக்க முடியாது.

இதைக் காட்டிக் கூலி உயர்வை மறுக்கும் பண்ணைக்காரரும் உண்டு: "காளான் போடுங்களேன், கூலி ஏன் கேட்கிறீர்கள்?" காளான் கூலிக்கு மேல் வருவது, கூலிக்குப் பதிலல்ல. மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம் திருப்பதிசாரத்தில், நாகர்கோவிலையும் தாண்டி இருக்கிறது. பயிற்சிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். பயிற்சியும் வித்தும் களியக்காவிளைக்கே வரவேண்டும் என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுப்பதே முதல் வேலை.