கடைக்காரர் நாணயம்

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு: ஒன்று காசு; மற்றொன்று வாக்குத் தவறாமை. இவ்விரண்டும் ஒன்றாகவே விளங்கிய காலம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது.

1649-ல் முதலாம் சார்லஸ் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய அனுமதியின் பேரில் வெளிவந்த ‘பார்த்திங்’ என்னும் கால் பென்னிச் செம்புக் காசுகளும் நின்று போயின. புதிய குடியரசோ அவற்றுக்கு ஈடாக ஒன்றும் வழங்கவில்லை. கால் பென்னிக்குச் சாமான் வாங்கும் ஏழை ஜனங்கள் என் செய்வார்கள்?

கடைக்காரர்களே செம்பிலும் பித்தளையிலும் வில்லைகள் அடித்துக் கொடுத்தனர். கடைக்காரரின் பெயர், ஊர், தொழிற் சின்னம் ஆகியவற்றுடன், பல வில்லைகளில் அவர் மனைவியின் பெயரின் முதலெழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த உலோகத்தின் விலை அற்பம். திருப்பிக் கொணர்ந்தால் ஏற்றுக்கொள்வோம் என்ற வாக்கே அதன் மதிப்பு. வாக்குத் தவறிய கடைக்காரர் ஊராரின் முகத்தில் எப்படி விழிப்பார்?

1672-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் செம்புக் காசுகளை வெளியிட்டு, இவ்வில்லைகளைத் தடை செய்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இராஜாங்கம் மறந்திருந்த கடமையை அதுவரையில் கடைத்தெரு மக்களே நிறைவேற்றி வந்தனர். அரசன் தலை பொறிக்காத காசும் செல்லும். நாணயம் இல்லாத காசு செல்லாது.